மழை பொய்த்தாலும் வாடிக்கை பொய்க்காமலிருக்க...

கரிசல் காட்டில் தை பிறந்தால் உளுந்தும் பாசிப்பயறும் களத்துக்கு வந்து சேருகின்றன. எல்லோருடைய மூட்டையும் ஒரே சமயத்தில் மண்டிக்குப் போவதால் விலை இறங்குகிறது. வாங்கிய கடனோ காத்திருப்பதில்லை. நான்கு மாதம் கழித்து அதே உளுந்து நகரத்துக் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்பதைக் கேட்டு வயிறு எரிவதுதான் மானாவாரி விவசாயிக்கு மிச்சம்.

இந்த நிலையை மாற்றச் செல்போன் ஒரு வழி காட்டியிருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, ஒட்டப்பிடாரம், புதூர் வட்டாரங்களில் சில விவசாயிகள் தங்கள் விளைபொருளைப் படம் எடுத்து வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் வழியாகச் சென்னை, மதுரை, கோவை வீடுகளுக்கு நேரடியாக விற்க முயன்று வருகிறார்கள். முதல் ஆண்டில் சொந்தக்காரர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் ஆசையோடு வாங்குகிறார்கள். இரண்டாம் ஆண்டில் கேட்பவர் குறைகிறார்கள். மூன்றாம் ஆண்டில் மூட்டை மறுபடியும் மண்டிக்கே போகிறது. இது பலருடைய அனுபவம்.

காரணம் சரக்கில் மட்டும் இல்லை. விற்கச் சரக்கு இருக்கும் இரண்டு மாதம் மட்டும் நாம் பேசுகிறோம். மற்ற பத்து மாதம் வாய் திறப்பதில்லை. மழை பொய்த்து விளைச்சல் இல்லாத ஆண்டில் முழு மௌனம். வாங்கியவர் நம்மை மறந்துவிடுகிறார். ஒரு முறை விற்பதற்குச் செல்போன் போதும். ஆண்டுதோறும் அதே குடும்பம் நம்மிடமே வாங்க வேண்டுமானால், விற்காத நாளிலும் அவர்களுக்குப் பயன்படும் செய்தியை, உண்மையாக, தவறாமல் சொல்ல வேண்டும்.

ரேடியோ நெல் சொல்லும் பாடம்

இது புதிய கருத்து அல்ல. அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜான் டீர் நிறுவனம் 1895ஆம் ஆண்டில் விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியது. அதன் பெயர் "ஃபர்ரோ". நம் மொழியில் உழவுச் சால். தன் கலப்பையைப் புகழ்வதைவிட, நிலத்தைப் பண்படுத்துவது, பயிரைக் காப்பது போன்ற பயனுள்ள செய்திகளையே அது பெரிதும் வெளியிட்டது. படித்துப் பயன் பெற்ற விவசாயி, கருவி வாங்கும் நாள் வந்தபோது அந்தப் பெயரை நினைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள். விதையைப் பற்றியும் சாகுபடி முறையைப் பற்றியும் வானொலி நாள்தோறும் சொல்லி வந்ததே காரணம். சொன்னபடி வயலில் விளைந்ததால் நெல்லுக்கும் பெயர் கிடைத்தது, வானொலிக்கும் நம்பிக்கை கிடைத்தது.

அண்மைக் கால உதாரணமும் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், 2018ஆம் ஆண்டில் வயல்வெளியில் சமைப்பதைப் படம் எடுத்து "வில்லேஜ் குக்கிங் சேனல்" என்ற பெயரில் யூடியூபில் வெளியிடத் தொடங்கினார்கள். 2021ஆம் ஆண்டில் அதைத் தொடர்வோர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியது. அதே ஆட்கள், அதே வயல்வெளி, சொந்தப் பேச்சு, இடைவிடாத தொடர்ச்சி. பட்டணத்துப் பேச்சும் பகட்டும் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோவில்பட்டிக்கும் பெயரின் மதிப்புத் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் படத்தைச் சொல்லித் தீப்பெட்டி கேட்டு வாங்கிய காலம் உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தலைமுறை தலைமுறையாக ஒரே சுவையைத் தந்ததால் கிடைத்த பெயர் அது. உளுந்துக்கும் கம்புக்கும் மல்லிக்கும் மிளகாய் வத்தலுக்கும் அப்படி ஒரு பெயரை ஒவ்வொரு விவசாயியும் தன் அளவில் தேடிக்கொள்ள முடியும்.

எத்தனை வீட்டுக்கு வாக்குக் கொடுக்கலாம்?

விளைச்சல் நிச்சயமில்லாத நிலத்தில் வாக்குக் கொடுப்பதில்தான் முதல் தவறு நேருகிறது. கோவில்பட்டிப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையே தருகிறது. அந்த மழை தவறினால் ஆண்டே தவறியது போலத்தான். ஆகவே நல்ல ஆண்டின் விளைச்சலை வைத்து வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது. மோசமான ஆண்டில் எவ்வளவு கிடைக்குமோ, அவ்வளவுக்கே வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து ஏக்கரில் உளுந்து விதைக்கிறீர்கள். நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 250 கிலோ வீதம் 1,250 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை குறைந்த ஆண்டில் ஏக்கருக்கு 100 கிலோதான். மொத்தம் 500 கிலோ. விதைக்கு ஏக்கருக்கு 8 கிலோ வீதம் 40 கிலோ, வீட்டுத் தேவைக்கு 60 கிலோ போக, மீதி 400 கிலோ. இட்லி, தோசைக்கு மாதம் ஒரு கிலோ வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 கிலோ வேண்டும். அப்படியானால் 30 குடும்பங்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு 360 கிலோ போதும்.

நல்ல ஆண்டில் மிஞ்சும் 790 கிலோவை வழக்கம்போல் மண்டியிலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ விற்கலாம். "முப்பது வீடுதானா?" என்று கேட்கத் தோன்றும். முந்நூறு வீட்டுக்கு ஒரு முறை விற்று, மறு ஆண்டு கைவிரிப்பதைவிட, முப்பது வீட்டுக்குப் பத்து ஆண்டு விற்பதே மேல். உங்கள் நிலத்தின் பழைய விளைச்சலை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

விலையையும் எழுதிப் பார்த்தே சொல்ல வேண்டும். 2025-26ஆம் பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். 100 கிலோவைச் சலித்துப் புடைத்தால் 5 கிலோ கழிவு போகும் என்று கொண்டால், மீதி 95 கிலோவின் அடக்கம் கிலோவுக்கு 82 ரூபாய் ஆகிறது. இதற்கு மேல் பை, கூலி, டவுனுக்குப் போய்வரும் செலவு, இருப்பு வைப்பதில் ஏற்படும் நஷ்டம் ஆகியவற்றைச் சேர்த்து, உங்கள் உழைப்புக்கும் ஒரு பங்கு வையுங்கள். பார்சல் கட்டணத்தைத் தனியாகச் சொல்வது நல்லது. விலைக்குக் காரணம் கேட்டால் இந்தக் கணக்கையே வாடிக்கையாளரிடம் காட்டலாம். மறைக்க இதில் ஒன்றுமில்லை.

எதைச் சொல்வது?

"என் உளுந்து நல்ல உளுந்து" என்று தினமும் சொன்னால் கேட்பவருக்குச் சலித்துவிடும். வாரம் ஒரு செய்தி போதும். அது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த வீட்டுக்குப் பயன்பட வேண்டும். சொல்லத் தக்கவை நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன.

கம்பு மாவை மாதக்கணக்கில் வைத்தால் ஏன் கசக்கிறது? கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்ததும் அது விரைவில் கெட்டு வாடை வீசுகிறது. ஆகவே கம்பைத் தானியமாக வாங்கி, தேவைக்குத் தேவை அரைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் உங்கள் மாவு விற்பனை குறையலாம்; ஆனால் உங்கள் சொல் நிற்கும்.

குதிரைவாலியை உமியோடு நெடுநாள் வைக்கலாம். உமி நீக்கிய அரிசியை அப்படி வைக்க முடியாது. முழு உளுந்தில் வண்டு விழுவதுபோல் உடைத்த பருப்பில் விழுவதில்லை. நம் பாட்டிமார் பயறை உடைத்து வைத்ததன் காரணம் இதுதான். இவையெல்லாம் நகரத்து வீட்டார் அறியாத செய்திகள்.

சமையல் குறிப்பைப் பெண்களே சொல்வது சிறப்பு. தொலி உளுந்தும் அரிசியும் தேங்காயும் பூண்டும் சேர்த்து ஆக்கும் உளுந்தஞ்சோறும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலும், கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களியும் நம் பகுதியின் சொத்து. அடுப்படியில் நின்று உங்கள் வீட்டுப் பெண்கள் தம் சொந்தப் பேச்சில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.

பயிரோடு செல்லும் செய்தி

எந்த மாதம் எதைச் சொல்வது என்று திகைக்க வேண்டாம். நிலத்தில் நடப்பதே செய்தி.

ஆடி, ஆவணியில் உழவையும் ஆட்டுக்கிடை போடுவதையும் காட்டலாம்.

புரட்டாசியில், மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதைக்கும் முறையை விளக்கலாம். 1901ஆம் ஆண்டு முதல் மானாவாரிப் பயிர்களுக்காகப் பாடுபட்டு வரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பணியையும் அப்போது சொல்லலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை அளவு, களையெடுப்பு, பூப்பு ஆகியவை செய்தி. பூச்சிமருந்து தெளித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மார்கழி, தையில் அறுவடை, களம், தூற்றுதல். மாசி, பங்குனியில் மல்லியும் மிளகாய் வத்தலும். சித்திரை, வைகாசியில் சேமிக்கும் முறைகள்.

கார்த்திகையில் அனுப்பத் தக்க செய்திக்கு ஒரு மாதிரி: "இன்று காலை வரை 32 மி.மீ. மழை. உளுந்து பூக்கும் பருவம். இன்னும் ஒரு மழை கிடைத்தால் தை கடைசியில் அனுப்பலாம். இது தகவலுக்காகத்தான். இப்போது பணம் அனுப்ப வேண்டாம்." படம் ஒன்று போதும். படம் உங்கள் நிலத்துடையதாக இருக்க வேண்டும். பிறர் படத்தை எடுத்துப் போட்டால் என்றாவது ஒரு நாள் தெரிந்துவிடும்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்

வாடிக்கையாளரை உண்மையில் சேர்த்துத் தருவது நல்ல ஆண்டு அல்ல, கெட்ட ஆண்டுதான்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பேய்மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. கரிசல் வட்டாரங்களிலும் உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவை நீரில் நின்றன. கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைப்பது வறட்சியில் வரம். அத்தகைய மழையில் அதுவே கேடு. காயில் இருந்த பயறு முளைவிட்டது, நிறம் மங்கியது, அழுகியது.

அப்படிப்பட்ட சமயத்தில் பேசாமல் இருந்துவிட்டு, மாசி மாதத்தில் "இந்த ஆண்டு இல்லை" என்று சொல்வது சரியல்ல. கடையில் வாங்கிய பயறைத் தன் பயறு என்று அனுப்புவது அதைவிட மோசம். சேதத்தைக் கண்ட வாரமே இப்படிச் சொல்லலாம்: "தொடர்மழையில் ஐந்து ஏக்கரில் மூன்று ஏக்கர் உளுந்து அழுகிவிட்டது. மீதியில் நிறம் சற்று மங்கிய பயறு வரும். வீட்டுக்கு 12 கிலோவுக்குப் பதில் 5 கிலோதான் தர முடியும். வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்."

முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்துப் புஞ்சையில் நல்ல பயறு இருந்தால், அது யாருடைய நிலத்தில் விளைந்தது என்று சொல்லி வாங்கித் தரலாம். பூஞ்சணம் பிடித்த பயறை மட்டும் எந்த விலைக்கும் உணவுக்கு விற்கக் கூடாது. அது உடலுக்குத் தீங்கு. கெட்ட ஆண்டில் உண்மை சொன்னவரை நல்ல ஆண்டில் மனிதர்கள் தேடி வருவார்கள்.

சொல்லக் கூடாதவை

இந்தத் தானியம் தின்றால் சர்க்கரை நோய் தீரும், அந்தப் பயறு தின்றால் மூட்டுவலி போகும் என்றெல்லாம் சொல்லாதீர்கள். சிறுதானியம் நல்ல உணவு, நோய்க்கு மருந்தல்ல. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

ஒரு முறை மருந்து தெளித்திருந்தாலும் "மருந்தே இல்லை" என்று சொல்லக் கூடாது. "பூக்கும் பருவத்தில் ஒரு முறை தெளித்தேன், இன்ன தேதியில்" என்று சொல்வதில் இழிவு இல்லை. வேறு ஊர்ச் சரக்குக்கு நம் ஊர்ப் பெயரைச் சூட்டுவதும் வேண்டாம்.

விவசாயி தன் நிலத்தில் விளைந்ததை அப்படியே விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கெடுபிடி இல்லை. ஆனால் பருப்பாக உடைத்தோ, மாவாகவும் மிளகாய்த் தூளாகவும் அரைத்தோ விற்றால் பதிவு தேவை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

சொல்லுக்கு ஏற்ற சரக்கு

எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், பொட்டலத்தைப் பிரிக்கும்போது வண்டு ஓடினால் எல்லாம் போயிற்று. பயறு வண்டு பெரும்பாலும் காட்டிலேயே காயின் மேல் முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. எனவே பயறை உடனே தார்ப்பாயில் பரப்பி, ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இல்லாதபடி நன்றாகக் காயவைக்க வேண்டும். கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். ஆறிய பிறகே காற்றுப் புகாத கலத்திலோ பையிலோ கட்ட வேண்டும். பழைய சாக்கை உதறாமல் பயன்படுத்தினால் பழைய வண்டும் சேர்ந்தே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய வண்டுப் பொறியைப் பயறுக்குள் செருகி வைத்தால், வண்டு பெருகும் முன்பே கண்டு பிடித்து அகற்றலாம்.

மிளகாயை வெறும் தரையில் உலர்த்தாமல் தார்ப்பாயிலோ சுத்தமான களத்திலோ உலர்த்துங்கள். ஒவ்வொரு பையிலும் விளைந்த ஊர், அறுவடை மாதம், எடை ஆகியவற்றை எழுதுங்கள். எடை பத்துக் கிராம் கூடலாம், குறையக் கூடாது. ஒருவர் குறை சொன்னால் வாதாடாதீர்கள். படம் கேட்டு, தவறு நம்முடையதாயின் மாற்றிக் கொடுத்து, அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். குறை சொன்னவரே உறுதியான வாடிக்கையாளராக மாறுவது இப்படித்தான்.

செல்போனில் கவனிக்க வேண்டியவை

எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். வேண்டாத செய்திகளும் குவியும். வாட்ஸ்அப்பில் "பிராட்காஸ்ட்" பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவர்களுக்கே அது போய்ச் சேரும். ஆகவே முதல் பொட்டலத்திலேயே, எண்ணைப் பதிந்துகொள்ளுமாறு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். சேர்க்கும் முன் சம்மதம் கேளுங்கள். அவர்கள் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டும் வேண்டும். யார், எப்போது, எவ்வளவு வாங்கினார், என்ன குறை சொன்னார் என்று எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும்.

பண விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நமக்குப் பணம் வருவதற்கு நாம் இரகசிய எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

இந்த ஆண்டே தொடங்குங்கள்

தனியாக முடியாவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து செய்யலாம். ஒருவர் உளுந்து, ஒருவர் கம்பு, ஒருவர் மல்லி, ஒருவர் வத்தல் என்று வைத்துக்கொண்டால் ஒரே பார்சலில் எல்லாம் போகும், கூலியும் குறையும். போனில் பழகிய இளைஞர் ஒருவர் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். எதைச் சொல்வது என்பதை நிலத்தில் நிற்பவரே முடிவு செய்ய வேண்டும்.

முதல் ஆண்டில் பத்து வீடு போதும். வாரம் ஒரு செய்தி, வாக்கு அளவோடு, கெட்ட செய்தி முதலில், சொன்ன சரக்கு சொன்ன எடையில். இந்த நான்கையும் இரண்டு ஆண்டு விடாமல் செய்து பாருங்கள். மழை குறைந்த ஓர் ஆண்டில், நீங்கள் கூப்பிடும் முன்பே எங்கோ ஒரு வீட்டிலிருந்து போன் வரும்: "அண்ணாச்சி, அங்கே மழை பெய்ததா? உளுந்து எப்படி இருக்கிறது?"

விலை கேட்பதற்கு முன் மழையைக் கேட்பவரே உங்கள் நிலையான வாடிக்கையாளர்.